கோவில் மாலையும் கோர்ட்டு டிக்ரியும்

(காரைக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்டமும் சமூக அமைப்புகளும் ஆட்சியையும் பொருளாதார வாழ்வையும் எப்படி வடிவமைக்கின்றன என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஓராண்டு முழுக்கப் பாடம் நடத்தலாம். எனக்கு இருப்பது ஒரு மணி நேரம். ஆகவே தலைப்பை நானே சுருக்கிக்கொள்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் செய்த ஒரு தொழில், ஒரு நாடு, ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம். தொழில், கொடுக்கல் வாங்கல். நாடு, பர்மா.

பர்மாக் கதையை நாம் இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறோம். நம் வீடுகளில் சொல்வது ஒன்று: செட்டிநாட்டுப் பணம் போய்த்தான் ஐராவதிக் கழிமுகத்துக் காடும் சதுப்பும் நெல்வயலாயின, அந்த நன்றி கொஞ்சமும் இல்லாமல் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பர்மியர்கள் சொல்வது இன்னொன்று: செட்டியார் வந்தார், வட்டி வாங்கினார், கடைசியில் நிலத்தையும் எழுதிக்கொண்டார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஆளின் குணத்தைப் பற்றிய கதைகள். குணத்தை வைத்து விளக்க முடியாத ஒரு சங்கதி இதில் உண்டு. அதே ஆள், அதே பெட்டி, அதே பேரேடு. ரங்கூன் மொகல் தெருவில் இன்னொரு செட்டியாருக்குக் கொடுத்த கடன் தகராறானால் உட்கார்ந்து பேசித் தவணை போட்டுத் தீர்த்தார்கள். ஐராவதிக் கழிமுகத்தில், பியாப்பம் பக்கத்துக் கிராமத்தில் பர்மிய விவசாயிக்குக் கொடுத்த கடன் தகராறானால் நிலம் ஏலத்துக்குப் போயிற்று. ஏன்? இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உள்வட்டம். இங்கே இருக்கும் பலருக்கும் இது வீட்டு வழக்கமாகத் தெரிந்ததுதான். அதையே ஒரு தடவை கடன் சட்டமாகப் பாருங்கள்.

செட்டியார்களாகிய நகரத்தாருக்கு ஒன்பது கோவில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோவிலைச் சேர்ந்தது. கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோவில் கணக்கில் அந்தப் புள்ளி ஏறும், அதற்கு வரி உண்டு. கல்யாணத்தன்று இரண்டு வீட்டுக் கோவில்களிலிருந்தும் மாலை வர வேண்டும். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுத வேண்டும். சீருக்கு முறைச்சிட்டை என்ற பட்டியல் வேண்டும். அரசாங்கம் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் வைக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, யார் யாருக்குப் பிள்ளை, யார் வீட்டில் பெண் எடுத்தார், என்ன கொண்டுவந்தார் என்பதெல்லாம் எழுத்தில் இருந்த சமூகம் இது.

கடன் கொடுப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்? கேட்பவர் யார், குடும்பம் எது, இதற்கு முன்னால் யாரிடம் வாங்கினார், திருப்பிக் கட்டினாரா. இன்று இதைச் சிபில் மதிப்பெண் என்ற பெயரில் வங்கிகள் காசு கொடுத்து வாங்குகின்றன. அன்று விலாசத்தைச் சொன்னால் போதும். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்த விலாசத்திலேயே மூன்று தலைமுறையின் நாணயம் அடங்கிவிடும்.

தகவல் இருந்தால் போதாது, தண்டனையும் வேண்டும். சக செட்டியாரை ஏமாற்றியவர் மேல் கோர்ட்டுக்குப் போகலாம், போனவர்களும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பஞ்சாயத்து இருந்தது. பஞ்சாயத்துக்குக் கட்டுப்படாதவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோவில் மாலை வராமல் போகலாம். மாலை வராவிட்டால் அந்தக் கல்யாணத்தை ஊர் ஒப்புக்கொள்ளாது, புள்ளி ஏறாது, பிள்ளைக்குப் பெண் கிடைக்காது. ஜப்திக்கு வரும் அமீனா ஒரு தலைமுறையின் சொத்தைத்தான் எடுத்துப்போக முடியும். மாலையை நிறுத்துகிறவர் அடுத்த தலைமுறையையே நிறுத்திவிடுகிறார்.

இன்னொரு பக்கம், இந்தத் தண்டனையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அதைப் பயன்படுத்தும் அவசரம் இருக்கவில்லை. இன்று கடன் கட்ட முடியாதவர் நாளை சம்பந்தியாகலாம். மூன்று வருடம் கழித்து அவர் பணம் உங்களிடம் வந்து சேரலாம். ஆகவே தவணை கொடுப்பார்கள், வட்டியைக் குறைப்பார்கள், சில வேளை அசலிலேயே கொஞ்சம் விடுவார்கள். கூடவே இருந்தாக வேண்டியவர்கள் கொடுக்கும் சலுகை அது.

தொழில் நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மாணவர்களுக்காக. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்வார்கள். பிறகு அடுத்தாள், பிறகு கடையை நடத்தும் மேலாள். கடல் கடந்து கொண்டுவிக்கப் போகிறவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டு ஏறத்தாழ மூன்று வருடம் போவார். சம்பளத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். திரும்பி வந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, கொடுக்க வேண்டும். முதலாளி ஊரில் இருப்பார், பணம் ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருக்கும், இடையில் கப்பலும் கடிதமும்தான். கிட்டங்கியில் ஒரே கூரையின் கீழ் பத்துப் பதினைந்து விலாசக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு மேசை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தப்பாகக் கணக்கு எழுதினால் பக்கத்து மேசைக்குத் தெரியாமல் இருக்காது. இந்தக் காலத்துத் தணிக்கை நிறுவனங்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு.

பணம் எங்கிருந்து வந்தது? முதல் பணம் முதலாளியுடையது. மேலே வீட்டுப் பெண்களான ஆச்சிமார் பணம், கோவில் பணம், உறவினர் போட்ட தவணைப் பணம். அதற்கும் மேலே, அடத்தி எனப்பட்ட பெரிய விலாசங்கள் இம்பீரியல் வங்கியிலும் மற்ற ஐரோப்பிய வங்கிகளிலும் வாங்கிச் சின்ன விலாசங்களுக்குக் கொடுத்தது. வட்டி விகிதத்தை ரங்கூன் விலாசக்காரர்கள் மாதந்தோறும் மொகல் தெருக் கோவிலில் கூடி முடிவு செய்தார்கள். நடப்புக்கு இவ்வளவு, தவணைக்கு இவ்வளவு என்று அங்கே சொன்னால் வட்டாரம் முழுக்க அதுதான். இந்திய ரிசர்வ் வங்கி இதற்கென்று ஒரு குழுவை 2016இல்தான் அமைத்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

வெள்ளைக்காரச் சட்டம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். வெள்ளைக்காரச் சட்டம் பல இடங்களில் சாமர்த்தியமாக ஒதுங்கி நின்றது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். காசோலை, பிராமிசரி நோட்டு எல்லாவற்றுக்கும் விதி வகுத்த அந்தச் சட்டம், கீழை மொழிகளில் எழுதிய ஆவணங்களைப் பொறுத்த உள்ளூர் வழக்கங்களை இது பாதிக்காது என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு வழக்கம் அப்படியே தொடர்ந்தது. கோர்ட்டு தலையிட வேண்டுமானால், வழக்கம் என்ன என்று முதலில் வணிகர்களிடமே கேட்டது.

குடும்பச் சொத்து விஷயத்தில் இது இன்னும் விசித்திரமாகப் போயிற்று. ஒரு வழக்கைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அருணாசலம் செட்டியார் என்ற ஒருவர், அவருக்கு ஒரு மகன். இருவரும் பிரிவினையாகாத குடும்பம். இலங்கையில் தொழிலும் சொத்தும். 1934இல் மகன் இறந்துபோனார். 1938இல் தந்தையும் இறந்துபோனார். வீட்டில் பெண்கள் மட்டும். இலங்கை அரசாங்கம் மரண வரி கேட்டது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு அங்கே விலக்கு இருந்தது. அரசாங்கத் தரப்பு வாதம் என்னவென்றால்: மகன் போன பிறகு ஆண் வாரிசு தந்தை ஒருவர்தானே, ஒற்றை ஆளுக்கு எங்கே கூட்டுக் குடும்பம், சொத்து முழுக்க அவருடைய சொந்தம், ஆகவே வரி கட்டு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1957இல் தீர்ந்தது. அரசாங்கம் தோற்றது. காரணம்? அந்த வீட்டுப் பெண்கள் பிள்ளை கூட்டிக்கொள்ளலாம், அதாவது சுவீகாரம் எடுக்கலாம். பிள்ளை வந்துவிட்டால் கூட்டுக் குடும்பம் மறுபடி நிறைந்துவிடும். அந்த வாய்ப்பு இருக்கும்வரை சொத்து குடும்பத்துடையதுதான், கடைசி ஆளின் கையில் இருந்தாலும் அதன் தன்மை மாறாது.

கவனியுங்கள். பிள்ளை கூட்டுவது இந்தப் பக்கத்தில் அதே கோவிலைச் சேர்ந்த வீட்டிலிருந்துதான். அந்த வீட்டு வழக்கம், கடல் தாண்டிய ஒரு தீவின் கஜானாவுக்கு வர வேண்டிய வரியை லண்டனில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளின் வாயால் நிறுத்திவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் பின்னால் இதைத் தன் தீர்ப்புகளில் எடுத்தாண்டது. வருமான வரிச் சட்டத்தில் இந்துக் கூட்டுக் குடும்பம் இன்றைக்கும் தனி வரி அலகாகக் கணக்கிடப்படுகிறது என்பது ஆடிட்டர்களிடம் போகிற எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் தீர்ப்பின் மறுபக்கம் இது. பெண்களால்தான் சொத்து காப்பாற்றப்பட்டது; அந்தச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு அன்று பெண்களுக்குக் கிடையாது. ஆச்சிமார் பணம் பேரேட்டில் வரவாக ஏறும், வட்டியும் ஒழுங்காகப் போய்ச் சேரும், ஆனால் வட்டி விகிதம் முடிவாகிற கோவில் கூட்டத்தில் ஆச்சி உட்கார முடியாது. தமிழ்நாடு 1989இல்தான் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று சட்டம் திருத்தியது. இந்தியா முழுவதற்கும் அது 2005இல் வந்தது. நம்பிக்கையின் மேல் நடந்த தொழில் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த நம்பிக்கைக்கு யார் உள்ளே, யார் வெளியே என்ற வேலி உண்டு; வீட்டுக்குள்ளேயே அந்த வேலி ஓடியது.

இப்போது வேலிக்கு அப்பால் போவோம்.

ஆங்கிலேயர் பர்மாவை மூன்று போர்களில், 1826, 1852, 1885 என்று தவணை முறையில் பிடித்தார்கள். 1852இல் கீழ்பர்மா கைக்கு வந்தது. செட்டியார்கள் 1850ஐ ஒட்டி மௌல்மீனில் கால் வைத்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. 1850களில் கீழ்பர்மாவில் நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. உலகத்தில் இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு காட்டை வயலாக்கிய இடங்கள் அதிகம் இல்லை. காட்டை வெட்டியது மேல்பர்மாவிலிருந்து இறங்கிவந்த பர்மிய விவசாயி. நாற்று நட்டதும் அறுத்ததும் மூட்டை தூக்கியதும் பெரும்பாலும் பர்மியக் கூலிகளும் ஆந்திரக் கரையிலிருந்து வந்தவர்களும். பணம் இந்தப் பக்கத்துடையது.

ஆனால் பணம் சும்மா போகாது. அடமானம் வேண்டும். இங்கேதான் 1876ஆம் ஆண்டின் கீழ்பர்மா நில வருவாய்ச் சட்டம் வருகிறது. யார் ஒரு நிலத்தைத் தொடர்ந்து பன்னிரண்டு வருடம் பயிர் செய்து வரியும் கட்டுகிறாரோ, அவருக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை. வாரிசுக்குப் போகும், விற்கலாம், அடகு வைக்கலாம். சொந்த நிலம் உள்ள சிறு விவசாயிகள் நிறைந்த நாட்டை உண்டாக்கப்போகிறோம் என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் நிலத்தை விவசாயிக்குக் கொடுத்த அதே சட்டம் அதைக் கடன்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியையும் கொடுத்தது.

பழைய பர்மிய வழக்கம் வேறு. அரசர் காலத்தில், குறிப்பாக மேல்பர்மாவில், அடகு வைத்த நிலத்தைப் பணம் கட்டி எத்தனை காலம் கழித்தும் மீட்கலாம். விற்ற நிலத்தையே மீட்கலாம் என்ற வழக்கமும் இருந்தது. நிலம் குடும்பத்தை விட்டு முழுக்கப் போவது அரிது. புதிய கழிமுகத்தில் அந்த வழக்கம் வேர் பிடிக்க நேரம் இருக்கவில்லை. அங்கே எல்லோருமே புதுக் குடியேற்றம். பக்கத்து வயல்காரர் போன வருடம் வந்தவர், அடுத்த வருடம் இருப்பாரா தெரியாது. பஞ்சாயத்து இல்லை, ஒன்பது கோவில் இல்லை, மாலை இல்லை.

சட்டம் கடன் கொடுப்பவருக்கு வேறு வசதிகளும் செய்தது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் நிலப் பத்திரங்களை ஒப்படைத்தாலே அடமானம் செல்லும் என்று சில துறைமுக நகரங்களுக்கு விலக்கு இருந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாயோடு ரங்கூன், மௌல்மீன், பாசின், அக்யாப் என்று பர்மிய ஊர்கள் நான்கு அந்தப் பட்டியலில் இருந்தன. அரிசி ஏற்றுமதியான ஊர்கள்.

விவசாயிக்கு ஆனி ஆடியில் பணம் தேவை, நாற்று நட. தையில் அறுப்பு. அறுத்த கையோடு ரொக்கமாக நிலவரி கட்ட வேண்டும். வரி வசூல் காலமும் கடன் வசூல் காலமும் ஒன்றாக வந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் நெல்லை விற்பார்கள், விலை இறங்கும். வாங்குகிறவர்கள் யார்? 1921இல் நான்கு பெரிய ஐரோப்பிய அரிசி ஆலை நிறுவனங்கள் சேர்ந்து, விலையைத் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ள, புல்லிங்கர் கூட்டு என்று ஒன்றை அமைத்துக்கொண்டன. ஆட்சி இதைத் தடுக்கவில்லை. விவசாயியின் கண்ணுக்கு ஆலைக்காரர் தெரியவில்லை, லண்டன் தெரியவில்லை. கிராமத்துக்கு வந்து முகத்தைக் காட்டியவர் செட்டியார் ஒருவர்தான். ஏற்றுமதி வணிகத்தின் கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர், வந்த அடியெல்லாம் அவர் மேல்தான் விழுந்தது.

செட்டியார் வட்டி அநியாய வட்டியா? கிராமத்துப் பர்மிய லேவாதேவிக்காரரும் கடைக்காரரும் வாங்கிய வட்டியைவிட அது குறைவுதான். 1929-30இல் விசாரித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். அந்தக் குழுவின் கணக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். ஒரு மாகாணத்தின் விவசாயத்தில் பெரும் பகுதியைத் தாங்கிய பணம். அதற்கு மாற்றாக அரசாங்கம் கொண்டுவந்த கூட்டுறவு இயக்கமோ, முப்பதுகளின் தொடக்கத்துக்குள் நொறுங்கிவிட்டது.

வட்டியில் சிக்கல் இருக்கவில்லை என்று சொல்லவில்லை. பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது என்கிறேன். செட்டியாருக்கும் பர்மிய விவசாயிக்கும் இடையில் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஏற்பாடு: பத்திரமும் கோர்ட்டும். ஒருவருக்கொருவர் கல்யாணம் இல்லை. கோவில் வேறு, பகோடா வேறு. மேலாள் குடும்பத்தைக் கூட்டிப் போவதில்லை. மூன்று வருடத்தில் திரும்பப் போகிறவர். அவர் இடத்துக்கு வருகிறவர் பேரேட்டைப் பார்ப்பார், மனிதரைத் தெரியாது. ஐந்தொகையில் 'வராக்கடன்' என்று எழுதிக்கொண்டு ஊருக்கு வந்தால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும். விவசாயிக்கு இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த மேலாளுக்கு அந்தக் கிராமத்திலிருந்து திரும்பி வரப்போவது ஒன்றுமில்லை. உள்வட்டத்தில் சலுகையைச் சாத்தியமாக்கிய அதே ஏற்பாடுதான் வெளிவட்டத்தில் சலுகையை இழப்பாக்கியது.

விலை ஏறிக்கொண்டிருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. கடன் வாங்கியவர் கட்டினார், கட்ட முடியாதவர் நிலத்தை நல்ல விலைக்கு இன்னொரு பர்மியருக்கு விற்றுக் கட்டினார். செட்டியார்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குப் பணம் பணமாகச் சுழல வேண்டும். வயலில் போய் முடங்கினால் ஊரில் தவணைப் பணம் போட்டவருக்கு எதைக் கொடுப்பது?

1929க்குப் பிறகு உலகச் சந்தை விழுந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடன் ரூபாயில் அப்படியே நின்றது. நிலத்தை வாங்க வேறு ஆள் இல்லை. கோர்ட்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான், டிக்ரி கொடுப்பது. கீழ்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 5.7 லட்சம் ஏக்கர், மொத்தத்தில் ஆறு சதவீதம். 1938இல் அது சுமார் 24.7 லட்சம் ஏக்கர், இருபத்தைந்து சதவீதம். எட்டே வருடம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம், அதை வேண்டாத ஒருவர் கைக்கு, அதை விட்டுவிட மனமில்லாத ஒருவர் கையிலிருந்து, சட்டப்படி, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி மாறியது. இரண்டு பேரும் அழிந்தார்கள். எல்லா ஆவணமும் சரியாக இருந்தது.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் கலவரம் வெடித்தது. அதே வருடம் டிசம்பரில் தராவதி மாவட்டத்தில் சயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. அதன் கோபம் முதலில் வரி மேல்தான். ஆனால் நிலம் போனவனின் கோபம் வரி கேட்பவருக்கும் வட்டி கேட்பவருக்கும் இடையில் வித்தியாசம் பார்க்கவில்லை.

ஆட்சியாளர்களுக்கு இப்படி வரும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் கசப்பான பகுதி. 1875இல் தக்காணத்தில் விவசாயிகள் லேவாதேவிக்காரர்களின் பத்திரங்களைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். பதறிப்போய் 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் போட்டார்கள். 1900இல் பஞ்சாபில், விவசாயி அல்லாதவருக்கு நிலம் மாறுவதையே கட்டுப்படுத்திச் சட்டம் போட்டார்கள். பஞ்சாப் படைக்கு ஆள் கொடுத்த மாகாணம். பர்மா அரிசி கொடுத்த மாகாணம். பர்மாவுக்கும் நில மாற்றத் தடை, குத்தகைப் பாதுகாப்பு என்று வரைவுகள் எழுதப்பட்டன; எழுதிக் கிடப்பில் போடப்பட்டன. கடன் ஓட்டம் நின்றுவிடும், ஏற்றுமதி குறையும் என்ற பயம். அந்தப் பயத்தைச் செட்டியார்களும் வளர்த்தார்கள் என்பதை இந்த ஊரில் நின்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க நம் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. அதே பொருளாதார மந்தம், அதே வருடங்கள், பல வேளை அதே விலாசங்கள். சென்னை மாகாணத்தில் 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்தது. 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் நின்றுபோன வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கொடுத்தவர்கள் புலம்பினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். ஆனால் நிலம் பெரும்பாலும் நின்றது, கொடுத்தவரும் ஊரில் நின்றார். இங்கே வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள். பேசித் தீர்க்க ஒரு மேடை இருந்தது. பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அங்கே அதன் பிறகு வந்த அமைச்சரவைகள் சட்டம் எழுதத் தொடங்கியபோது நிலம் கைமாறி முடிந்திருந்தது.

ஃபர்னிவால் என்று ஓர் ஆங்கிலேய அதிகாரி, பர்மாவில் நிலவரித் திட்ட வேலை பார்த்தவர். பல இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் சந்தையைத் தவிர வேறெங்கும் ஒருவரையொருவர் சந்திக்காத சமூகம் என்று பர்மாவை அவர் விவரித்தார். உலகம் முழுக்க அவர் கருத்தை இன்னும் படிக்கிறார்கள். ஆனால் அவர் சந்தையைத்தான் பார்த்தார். நான் கோர்ட்டையும் சேர்த்துக்கொள்வேன். சந்தையில் சந்தித்துக் கோர்ட்டில் பிரிந்தார்கள்.

மற்றது உங்களுக்குத் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளிகளில் தொலைநோக்குள்ள சிலர் வேறு பக்கம் திரும்பினார்கள். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களில் ஒரே நாளில் திறந்தார். விலாசத்தின் இடத்தில் லிமிடெட் கம்பெனி வந்தது. கோவில் மாலையின் இடத்தில் பங்குப் பத்திரம் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் மலைப்பாதையில் நடந்து வந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றது. அதே வருடம் நில தேசியமயச் சட்டம். இழப்பீடு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. அது வந்து சேர்ந்ததா என்பதை முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை.

நம் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. பர்மிய விவசாயியின் கதை முடியவில்லை. நிலம் அவனுக்கு வந்ததா? இல்லை, அரசுக்கு வந்தது. பயிர் செய்யலாம், விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. 1962க்குப் பிறகு இராணுவ ஆட்சியில் எதைப் பயிரிட வேண்டும், எவ்வளவு நெல்லை அரசு விலைக்கு அளக்க வேண்டும் என்றுகூட மேலிருந்து உத்தரவு வந்தது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவருக்குக் கடன் கொடுக்கவும் யாரும் இல்லை. நிலத்தைப் பாதுகாத்த சட்டம் விவசாயியைக் கையைக் கட்டி உட்காரவைத்தது.

2012இல் மியான்மர் புதிய விளைநிலச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. நிலத்தின் இறுதி உரிமை அரசிடம்தான். ஆனால் பயிர் செய்பவருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. படிவம் 7 என்று பெயர். அதை வைத்து நில உபயோக உரிமையை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், அடகும் வைக்கலாம். 1876இல் திறந்து 1948இல் மூடிய கதவு அது. இந்த முறை ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள். விவசாய முதலுக்காக அடகு வைப்பதென்றால் அரசு வங்கியிடமோ அரசு அங்கீகரித்த வங்கியிடமோதான் வைக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதியவர் முப்பதுகளை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். ஆனால் ஆனி ஆடியில் வங்கிக் கடன் எட்டாத விவசாயி அந்தப் படிவத்தை யாரிடம் கொண்டுபோகிறார், எந்த வட்டிக்கு, கட்ட முடியாமல் போனால் யார் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார் என்பதைச் சட்டம் சொல்லாது. அங்கே போய்க் கேட்டால்தான் தெரியும். பின்வரிசையில் இருக்கும் மாணவர்களில் யாராவது பர்மிய மொழி படிக்கத் தயாராக இருந்தால், கேள்வி நேரம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.